மாங்கன்றுப் பண்ணையின் இணையதளமும் கூகுள் சர்ச் கன்சோலும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் வட்டாரத்தில் ஒட்டு மாங்கன்று தயாரித்து விற்கும் குடும்பம் எங்களுடையது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்துவிட்டு அப்படியே பண்ணைக்கும் வருகிறவர்கள், முன்பு எங்களிடம் கன்று வாங்கி நட்டவர்கள் சொல்லி அனுப்புகிறவர்கள், குப்பம், கோலார் பக்கமிருந்து வண்டி பிடித்து வரும் தோட்டக்காரர்கள் என்று விற்பனை முழுவதும் நேரிலேயே நடந்துவந்தது. சென்ற ஆண்டு கோடையில் என் அண்ணன் மகன், ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தமிழில் நான்கு வரி சொல்லி, ஒரே மாலையில் பண்ணைக்கு ஓர் இணையதளம் கட்டிக் கொடுத்தான். கைப்பேசியில் திறந்தால் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஆடி பிறந்து, மழையை நம்பிக் கன்று தேடுகிறவர்கள் தேடத் தொடங்கிய பிறகும் அதன் வழியாக ஓர் அழைப்பும் வரவில்லை. பண்ணையின் பெயரை எழுத்துப் பிசகாமல் கூகுளில் இட்டுப் பார்த்தோம். அப்போதும் எங்கள் தளம் வரவில்லை.

“சித்தப்பா, தளம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கூகுளுக்கு அது தெரியவே இல்ல” என்று அவன் சொன்ன நாளில்தான் கூகுள் சர்ச் கன்சோலில் கணக்குத் திறந்தோம். அன்றிலிருந்து இன்றுவரை வாரம் ஒரு முறையாவது அதைப் பார்த்துவருகிறேன். செயற்கை நுண்ணறிவால் கட்டிய தளத்தை வைத்திருக்கும் சிறு வியாபாரிக்கு இந்தக் கருவி எந்த அளவுக்கு உதவுகிறது, எங்கே உதவாது என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

கட்டணம் ஏதும் இல்லாத சேவை இது. 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் இருந்தது. கூகுள் உங்கள் தளத்தின் எந்தெந்தப் பக்கத்தைக் கண்டது, எதைத் தேடல் முடிவுகளுக்காகத் தான் வைத்திருக்கும் அட்டவணையில் சேர்த்தது, எதைச் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை, சேர்த்தவை எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்குக் காட்டப்பட்டன என்பதையெல்லாம் தளத்தின் சொந்தக்காரருக்கும் அவர் அனுமதிக்கிறவர்களுக்கும் மட்டும் காட்டும். தளம் உங்களுடையதுதான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். டொமைன் எனப்படும் இணைய முகவரியைச் சொந்தப் பெயரில் வாங்கியிருந்தால், அந்த முகவரி எந்தக் கணினிக்குச் செல்ல வேண்டும் என்பதைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவில் கூகுள் தரும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். நாங்கள் தொடக்கத்தில், தளத்தைக் கட்டிய கருவி இலவசமாகத் தந்த முகவரியிலேயே இருந்ததால் அது முடியவில்லை. பக்கத்தின் தலைப்பகுதியில், பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒரு மெட்டா குறியைச் சேர்த்து நிரூபித்தோம். பிறகு சொந்த டொமைனுக்கு மாறியபோது இந்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. ஆகவே கன்சோலைத் திறப்பதற்கு முன்பே டொமைனை வாங்கிவிடுவது நல்லது.

கன்சோலில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி யூஆர்எல் ஆய்வு. ஒரு பக்கத்தின் முகவரியை மேலே உள்ள பெட்டியில் இட்டால், அந்தப் பக்கம் கூகுளில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். இல்லையென்றால் காரணத்தையும் சொல்லும். எங்கள் தளத்தில் முகப்பு, ரகங்கள், நடவு முறை, விலை, பண்ணைக்கு வரும் வழி, தொடர்பு என்று ஆறு பக்கங்கள் இருந்தன. முகப்பைத் தவிர மற்றவற்றுக்கு அது தந்த விடை, இவை வேறொரு பக்கத்தின் மாற்று வடிவங்கள், அந்த மூலப் பக்கம் கேனானிக்கல் குறியில் சரியாகச் சுட்டப்பட்டிருக்கிறது என்பதாக இருந்தது. முதலில் படித்தபோது எல்லாம் சரியாக இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. விசாரித்தபோதுதான் பிழை விளங்கியது.

கேனானிக்கல் என்பது, ஒரே செய்தி பல முகவரிகளில் இருக்கும்போது எது மூலம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. எங்கள் தளத்தைக் கட்டிய கருவி ரியாக்ட் என்ற நிரல் முறையில், பக்கத்தின் மூல வடிவமான எச்டிஎம்எல் கோப்பு ஒன்றே ஒன்றை எழுதி, அதன் தலைப்பகுதியில் மூலம் முகப்புப் பக்கமே என்ற வரியை நிலையாகப் பதித்துவிட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தக் கோப்புதான் முதலில் வருகிறது. ஆகவே நடவு முறைப் பக்கமும் விலைப் பக்கமும் தங்களைத் தாங்களே முகப்பின் நகல் என்று அறிவித்துக்கொண்டிருந்தன. கூகுள் அதை நம்பி அவற்றை ஒதுக்கியது. ஆறு பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு, ஒரே விளக்க வரி என்பதும் இதன் தொடர்ச்சியே. மனிதக் கண்ணுக்கு இவை எதுவும் தெரியாது. பக்கம் அழகாகத் திறக்கிறது, படம் வருகிறது, எழுத்து வருகிறது. குறை முழுவதும் திரைக்குப் பின்னால் இருக்கிறது. சர்ச் கன்சோல் இல்லாமல் இந்தப் பிழையை நாங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டோம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது பிழை இணைப்புகளில் இருந்தது. ரகங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் அட்டை, அதன் அடியில் ‘மேலும் அறிய’ என்ற பொத்தான். விரலால் தொட்டால் அடுத்த பக்கம் திறக்கும். ஆனால் பக்கங்களைத் தேடிப் படிக்கும் கூகுளின் தானியங்கி நிரலான பாட், பொத்தானைத் தொடாது. முகவரி எழுதப்பட்ட முறையான இணைப்பு இருந்தால் மட்டுமே அதைப் பின்தொடர்ந்து செல்லும். பொத்தான்களை இணைப்புகளாக மாற்றி, எல்லாப் பக்கங்களின் முகவரியையும் கொண்ட சைட்மேப் கோப்பைக் கன்சோலில் சமர்ப்பித்தோம். ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரிகள்வரை இருக்கலாம். எங்களுக்கு அப்போது தேவைப்பட்டவை ஆறு. அந்த ஆறிலும் கருவி முதல் முறை எழுதித் தந்தபோது பழைய சோதனை முகவரியையே போட்டுத் தந்திருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிழைகளைத் திருத்தவும் அதே செயற்கை நுண்ணறிவுக் கருவியைத்தான் பயன்படுத்தினோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு எழுது, கேனானிக்கல் குறியில் அந்தந்தப் பக்கத்தின் முகவரியையே வை, பக்கங்களை முன்கூட்டியே முழு எச்டிஎம்எல்லாக உருவாக்கி வை என்று தெளிவாகச் சொன்னால் அது செய்கிறது. ஆனால் செய்யாமலே ‘செய்து முடித்துவிட்டேன்’ என்றும் சொல்கிறது. இரண்டு முறை அந்தப் பதிலை நம்பி, வாரக்கணக்கில் வீணாகக் காத்திருந்தோம். யூஆர்எல் ஆய்வுக்குள் நேரடிச் சோதனை என்று ஒரு வசதி இருக்கிறது. கூகுள் அந்த நொடியில் பக்கத்தைத் திறந்து, தான் பெற்ற எச்டிஎம்எல்லையும் தான் கண்ட திரைத் தோற்றத்தையும் காட்டும். இப்போதெல்லாம் எந்தத் திருத்தம் சொன்னாலும், அந்தச் சோதனையில் மாற்றத்தைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போகிறோம். ஒட்டுக் கட்டியவர் பிடித்துவிட்டது என்று சொன்னாலும், துளிர் வந்ததைப் பார்க்காமல் எந்தப் பண்ணைக்காரரும் கன்றை விற்பனைக்கு எடுத்து வைப்பதில்லை.

பக்கங்களை முன்கூட்டியே முழுமையாக உருவாக்கி வைப்பது ஏன் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரியாக்ட் முறைத் தளத்தில் முதலில் வரும் கோப்பு ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடிய பிறகே எழுத்து நிரம்பும். கூகுளின் பாட் 2019 முதல் புதிய குரோம் உலாவியின் திறனுடன் ஜாவாஸ்கிரிப்டை இயக்கிப் பார்க்கிறது என்பதால், அங்கே இது மரண அடி அல்ல. படிப்பதும் இயக்கிப் பார்ப்பதும் தனித்தனி வரிசைகளில் நடப்பதால் தாமதம் ஆகலாம், அவ்வளவுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பும்போது மேலே தெரியும் படமும் தலைப்பும் அந்த வெறுமையான முதல் கோப்பிலிருந்தே எடுக்கப்படுகின்றன. நாங்கள் நடவு முறைப் பக்கத்தை அனுப்பினாலும் விலைப் பக்கத்தை அனுப்பினாலும் பெறுபவருக்கு ஒரே படம், ஒரே ஆங்கிலத் தலைப்பு தெரிந்ததற்கு அதுவே காரணம். எங்கள் வியாபாரத்தில் பாதிப் பேச்சு வாட்ஸ்அப்பில் நடக்கிறது. இந்தக் குறையைச் சர்ச் கன்சோல் காட்டாது. ஒவ்வோர் இணைப்பையும் உங்களுக்கு நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்பப் பிழைகள் நீங்கியபின் பக்கங்கள் ஒவ்வொன்றாக அட்டவணையில் ஏறின. ஆனால் ‘படிக்கப்பட்டது, தற்போது சேர்க்கப்படவில்லை’ என்ற நிலையில் ரகங்கள் பக்கம் பல வாரங்கள் நின்றது. கூகுள் பக்கத்தைப் பார்த்திருக்கிறது, ஆனால் வைத்துக்கொள்ள வேண்டாமென்று முடிவெடுத்திருக்கிறது என்பது இதன் பொருள். இந்த நிலைக்குக் கன்சோல் காரணம் எதுவும் சொல்வதில்லை; அது இந்தக் கருவியின் பெரிய குறை. ஒரு நாள் இரவு முதன்முறையாக அந்தப் பக்கத்தை வரிக்கு வரி உட்கார்ந்து படித்தேன். தளத்தைக் கட்டிய கருவி தானே எழுதி நிரப்பியிருந்த வாசகங்களைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பெங்களூரா என்று ஓர் அட்டை, தோத்தாபுரி என்று இன்னோர் அட்டை, கிளிமூக்கு என்று மூன்றாவது அட்டை. மூன்றுக்கும் வெவ்வேறு குணம், வெவ்வேறு விலை. மூன்றும் ஒரே மாம்பழம் என்பது எங்கள் பகுதியில் சிறுபிள்ளைக்கும் தெரியும். மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் அந்த ரகத்தைத் தேன் போல இனிக்கும் விருந்துப் பழம் என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, எங்களிடம் வாங்கி மகிழ்ந்ததாக, எங்களுக்கு அறிமுகமே இல்லாத மூன்று விவசாயிகளின் பெயரும் ஐந்து நட்சத்திரங்களும் இருந்தன.

அவை அனைத்தையும் அன்றே நீக்கினோம். பொய்யான மதிப்பீட்டைப் போட்டுக் கன்று விற்கிற குடும்பம் அல்ல நாங்கள் என்பது முதல் காரணம். பொய் மதிப்பீடுகளைத் தேடல் முடிவில் நட்சத்திரமாகக் காட்டும்படி குறியீட்டிலும் எழுதி வைத்தால், அது கூகுளின் விதிகளை மீறுவதாகும் என்பது அடுத்த காரணம். அப்படிப்பட்ட மீறலைக் கூகுளின் பணியாளர்கள் ஆராய்ந்து நடவடிக்கை எடுத்திருந்தால் அதைத் தெரிவிக்கக் கன்சோலில் தனிப் பகுதியே இருக்கிறது. நல்வேளையாக எங்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை. செயற்கை நுண்ணறிவு எழுதியது என்பதற்காக மட்டும் கூகுள் ஒரு பக்கத்தை ஒதுக்குவதில்லை என்று 2023 பிப்ரவரியில் அந்நிறுவனம் விளக்கியது. ஆனால் தேடலில் மேலே வருவதற்காகவே பயனற்ற பக்கங்களைத் திரளாக உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் முறைகேடுகளின் பட்டியலில் சேர்த்தது. அதை மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும் ஒன்றுதான். எங்கள் கருவியோ ‘தருமபுரியில் மாங்கன்று’, ‘பாலக்கோட்டில் மாங்கன்று’, ‘ஊத்தங்கரையில் மாங்கன்று’ என்று ஊர் பெயரை மட்டும் மாற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதித் தரவா என்று கேட்டது. வேண்டாம் என்று சொன்னதை இன்றளவும் சரியான முடிவாகவே கருதுகிறேன்.

அதற்குப் பதிலாக, கன்று வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாங்கள் சொல்லும் பதில்களையே எழுதினோம். 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 கன்று வேண்டும், 5 மீட்டரில் அடர் நடவு செய்தால் 160 வேண்டும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது எல்லாம் நாட்டுச் செடியின் துளிர், அதை அவ்வப்போது கிள்ளி எறிய வேண்டும். பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு மூன்றும் ஒன்றே என்பதையும் ஒரே பக்கத்தில் விளக்கினோம். அண்ணன் சொல்லச் சொல்ல மகன் தட்டச்சு செய்தான். படங்களும் எங்கள் பண்ணையில் நாங்களே எடுத்தவை. சில வாரங்களில் அந்தப் பக்கங்கள் அட்டவணையில் சேர்ந்தன. எழுத்து மாறியதால்தான் சேர்ந்தன என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இடையில் நாங்கள் வேறு எதையும் மாற்றவில்லை.

இதற்குப் பிறகுதான் கன்சோலின் செயல்திறன் அறிக்கை எனக்குப் பொருளுள்ளதாயிற்று. எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எந்த இடத்தில் வந்தது என்று 16 மாதக் கணக்கு வரை அங்கே கிடைக்கும். தோட்டக்கலை நூல்களில் மா ஒட்டுச்செடி என்று இருக்கும். தேடுகிறவர்கள் மாங்கன்று என்கிறார்கள், மாஞ்செடி என்கிறார்கள், மாங்காய்ச் செடி என்கிறார்கள். பங்கனப்பள்ளியை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் தேடுகிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்கிறவர்களும் ஏராளம். ஆந்திரப் பக்கமிருந்து மாமிடி மொக்கலு என்று தெலுங்கில் தேடியவர்களுக்கும் எங்கள் பக்கம் காட்டப்பட்டிருந்தது. ஆனால் ஒருவரும் சொடுக்கவில்லை, ஏனென்றால் அங்கே தெலுங்கில் ஒரு வரியும் இல்லை. எங்கள் பண்ணையில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்களில் ஒரு பெண் சொன்னபடி ஒரு பக்கம் தெலுங்கில் எழுதி வைத்தோம். இப்போது குப்பத்திலிருந்து அழைக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டே அழைக்கிறார்கள். கூடவே இன்னொரு பிழையும் வெளிப்பட்டது. தளம் முழுவதும் தமிழில் இருக்க, அதன் மொழி ஆங்கிலம் என்று கருவி குறித்து வைத்திருந்தது. கூகுள் அந்தக் குறியை வைத்து மொழியை முடிவு செய்வதில்லை என்றாலும், பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் செயலிகளுக்கு அது அவசியம் என்பதால் திருத்தினோம்.

கன்சோலின் எல்லைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டவணையில் சேர்க்கக் கோரும் பொத்தானை அழுத்தினால் உடனே நடக்கும் என்று நினைக்கக் கூடாது. சில நாள்களிலிருந்து சில வாரங்கள்வரை ஆகலாம், அழுத்திக்கொண்டே இருப்பதால் வேகம் கூடுவதில்லை. இறுதி எண்ணிக்கைகள் இரண்டு மூன்று நாள் பின்தங்கியே வரும். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி அது மறைத்துவிடுவதால், சிறிய தளங்களுக்குக் கணக்கில் ஒரு பகுதி எப்போதும் தெரியாமலே போகிறது. பக்கம் திறக்கும் வேகத்தைச் சொல்லும் அறிக்கையும், வருகையாளர் எண்ணிக்கை போதவில்லை என்ற குறிப்புடன் எங்களுக்குக் காலியாகவே இருக்கிறது. அதற்குப் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற தனிச் சேவையைத்தான் நாட வேண்டியிருந்தது.

வரைபடத்தில் நம் கடை தெரிவது முற்றிலும் வேறு விஷயம். ‘அருகிலுள்ள நர்சரி’ என்று கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு ஒருவர் தேடினால் முதலில் வருவது வரைபடப் பட்டியல். அது கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற சேவையைச் சார்ந்தது. பொருத்தம், தொலைவு, பெயர் பரவியிருக்கும் அளவு ஆகியவற்றைக் கொண்டே அங்கே வரிசை அமைகிறது. எங்கள் தளத்திலும் அந்தச் சேவையிலும் பண்ணையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஒன்றுபோல இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். உள்ளூர்க் கடையாக மட்டும் இருப்பவர்கள் முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு கன்சோலுக்கு வரலாம் என்பதே என் கருத்து.

இடையில், மாதக் கட்டணம் கொடுத்தால் முதல் இடத்துக்குக் கொண்டுவருவதாக உத்தரவாதம் சொல்லி ஒருவர் தொடர்ந்து தொலைபேசியில் அழைத்தார். முதல் இடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. அவரிடம் எங்கள் கேனானிக்கல் பிழையைச் சொல்லி, இதை எப்படிச் சரிசெய்வீர்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு எனக்கு விவரம் தந்தது கன்சோல்தான். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதில் தவறில்லை, அந்த வேலையை அறிந்து நேர்மையாகச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர்களிடம் போவதற்கு முன் நம் தளத்தின் குறை என்னவென்று நாமே ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

கன்சோலை ஐந்துக்கு நான்கு என்று மதிப்பிடுவேன். குறைந்த ஒன்று, பக்கத்தை ஏன் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடும் அந்த ஒரு நிலைக்காகவும், வேளாண் குடும்பத்தில் ஒருவர் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத அதன் கலைச்சொற்களுக்காகவும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. கன்சோலை நாங்கள் முதலில் அண்ணன் மகனின் தனி மின்னஞ்சலில் திறந்திருந்தோம். அவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கணக்கைப் பார்க்கவே அவனைத் தேட வேண்டியதாயிற்று. இப்போது பண்ணைக்கென்று தனி ஜிமெயில் முகவரி வைத்து, அதையே உரிமையாளராக ஆக்கி, அவனைப் பயனராக மட்டும் சேர்த்திருக்கிறோம். டொமைனும் அதே முகவரியில்தான் பதிவாகியிருக்கிறது. அதைப் புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பண்ணைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் அண்ணன் எழுதி வைத்திருக்கிறார்.